வால்டன் குடும்பத்தை அப்பத்தாவோடு பார்ப்பது எப்படி

வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தாவோ தாத்தாவோ இருந்து, அவர்கள் கண்ட கஷ்டகாலத்தைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருந்தால், எடுத்த எடுப்பில் நோட்டும் பேனாவுமாக அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டாம். "அந்தக் காலத்துக் கதையச் சொல்லு அப்பத்தா" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல, பட்டோம், பொழைச்சோம்" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு நான்கு முறை அப்படித்தான் முடிந்தது. ஐந்தாம் முறை கைகொடுத்தது, ‘தி வால்டன்ஸ்’ என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி நிலத்தை நம்பியிருந்த ஒரு வீட்டில், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத கிழவி ஒருத்தி அந்தத் தொடரைப் பார்த்துத் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினாள் என்பதை நானே கண்டதால், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடரை உருவாக்கியவர் ஏர்ல் ஹேம்னர். வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்கைலர் என்ற சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் அவர். அந்த ஊர், மாக்கல் வெட்டி அறுக்கும் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். 1930களில் உலகையே ஆட்டிய பொருளாதாரச் சரிவான பெருமந்தத்தில் ஆலை மூடப்பட்டதும், தகப்பனார் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் வார இறுதியில் மட்டும் வீடு திரும்பும் நிலை வந்தது. அந்த நினைவுகளை வைத்து ஹேம்னர் எழுதிய கதை 1971 டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் தொலைக்காட்சிப் படமாக வந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பால் 1972 செப்டம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடர் தொடங்கி, 1981 வரை ஒன்பது பருவங்கள், 200க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. கதை 1933இல் தொடங்கி இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் 1946 வரை போகிறது. மலையடிவாரத்தில் ஒரு மர வீடு, அதன் பக்கத்தில் ஒரு மர அறுவை மில், தாத்தா, அப்பத்தா, அப்பன், ஆத்தா, ஏழு பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் பதினோரு உயிர்கள். மூத்தவன் ஜான்பாய் எழுத்தாளனாக ஆசைப்படுகிறவன். பிற்காலத்தில் அவன் நினைத்துப் பார்த்துச் சொல்வதுபோல வரும் பின்னணிக் குரல் ஹேம்னருடைய சொந்தக் குரல்தான்.

இதோடு அதே ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் கதை நடக்கும் கஷ்டகாலம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் மதராஸ் மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. தீர்வையும் வாங்கிய கடனும் அப்படியே நின்றன. பர்மா வரை கடன் கொடுத்து வாங்கிய நகரத்தார்களின் பணமும் அங்கே முடங்கியது. 1931இல் பிரிட்டன் தன் நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த முறையைக் கைவிட்ட பிறகு தங்கத்தின் விலை ஏற, கிராமத்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவை விற்கப்பட்டுக் கப்பலேறின. ஜான்பாயின் அப்பன் மில்லில் பலகை அறுத்துப் பத்து டாலருக்குத் தவிக்கும் காட்சி வரும்போது, "இதே வருசத்துலதான் அப்பத்தா, ஒன் ஆத்தா காலத்துல பாம்படத்த வித்தாங்க" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால், அந்தப் படம் வேற்று நாட்டுப் படமாக இல்லாமல் போகும்.

எந்த நேரத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். மாலையில் அவர்களுக்கென்று வழக்கமான தமிழ்த் தொடர்கள் இருக்கும். அதற்குக் குறுக்கே போனால் மனசு இதில் ஒட்டாது. வார நாட்களில் நூறு நாள் வேலைக்குப் போய் வந்த களைப்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த மூன்று மணிக்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்துக்கு முன்னால் உட்கார்வதுதான் எங்கள் வீட்டில் ஒத்துவந்தது. ஒரு பகுதி ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஓடும் என்றாலும், இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒருநாளில் ஒன்றுக்கு மேல் போட வேண்டாம். வீட்டு மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு மூன்று பேருக்கு மேல் இருந்தால் பெரியவர்கள் சபைக்கு ஏற்ற பேச்சைத்தான் பேசுவார்கள்.

அடுத்தது, வசனத்தைச் சொல்லும் விதம். அடியில் ஓடும் எழுத்தால் பயனில்லை. ஒலியைக் குறைத்து, இசை மட்டும் மெல்லக் கேட்கும்படி வைத்துவிட்டு, நீங்களே கதை சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்க முயன்றால் நீங்களும் திணறுவீர்கள், அவர்களும் படத்தை விட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்ப்பார்கள். ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். ஆட்களைப் பெயரால் சொல்லாமல் முறையால் சொல்லுங்கள்: ஜான் வால்டன் ‘அப்பன்காரன்’, ஒலிவியா ‘வீட்டு மருமக’, எஸ்தர் ‘அப்பத்தா’, செபுலன் ‘தாத்தா’. எஸ்தரும் செபுலனும் ஜானைப் பெற்றவர்கள் என்பதால், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் புழங்கும் வீடு இது என்பதை அப்பத்தா முதல் காட்சியிலேயே பிடித்துக்கொண்டாள். ஐக் காட்ஸி என்பவரின் கடையை, "பற்று எழுதிச் சாமான் குடுக்குற நம்ம கடைக்காரர் மாதிரி, தபாலாபீசும் அந்தக் கடைக்குள்ளதான்" என்று சொன்னால் போதும். பால்ட்வின் சகோதரிகள் தங்கள் தகப்பனாரின் ‘செய்முறை’ என்று பெருமையாகச் சொல்லி ஊற்றிக் கொடுப்பது வீட்டில் காய்ச்சிய சாராயம் என்பதை விளக்கவே தேவையிருக்காது.

எந்தப் பகுதியில் தொடங்குவது? தொடரின் முதல் பகுதி, காது கேளாத ஒரு சிறுமியை வால்டன் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவதைப் பற்றியது. நல்ல கதைதான்; ஆனால் பெண்பிள்ளை ஒன்றை விட்டுவிட்டுப் போகும் காட்சி நம் பக்கத்து முதிய பெண்களின் மனதில் எதைக் கிளறும் என்பது தெரியாமல் அதை முதலில் போடக் கூடாது. நான் முதலில் போட்டது கன்றுக்குட்டிக் கதை. வீட்டுப் பசு காளைக்கன்று ஈன, பழுதான வண்டியைச் சரிசெய்யப் பணமில்லாத அப்பன் அந்தக் கன்றை விற்கிறான். சின்னப் பிள்ளைகள் அதைத் திரும்பக் கொண்டுவரத் துடிக்கிறார்கள். மாட்டை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு வீடு திரும்பிய ஆள் ஒருவராவது இல்லாத குடும்பம் நம் ஊரில் கிடையாது. அடுத்ததாக 1971ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் படத்தைப் போடலாம்: வெளியூர் வேலைக்குப் போன அப்பன் பண்டிகைக்கு முந்தின இரவு வரை வந்து சேரவில்லை, மூத்தவன் தேடிப் போகிறான். திருப்பூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும், முறுக்கு வியாபாரத்துக்குப் போன வடநாட்டு ஊர்களிலிருந்தும் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் ஆள் இறங்குகிறாரா என்று பார்த்து நின்ற வீடுகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தில் நடிகர்கள் சிலர் வேறு. ஆத்தாவாக வருகிறவர் பாட்ரிசியா நீல், தொடரில் வரும் மைக்கேல் லெர்ன்ட் அல்ல. "இது வேற ஆளுல்ல?" என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வீடாக இருந்தால், மலைச்சாலை போடுவதற்காகக் கிழவி ஒருத்தியின் குடிசையை எடுக்க வரும்போது அவள் துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் 1974ஆம் ஆண்டு இருபாகக் கதையைப் போடுங்கள். வைகை அணைக்கு நிலம் போன குடும்பங்களும், நான்குவழிச் சாலைக்குக் கிணற்றோடு தோட்டத்தைக் கொடுத்த குடும்பங்களும் நம்மிடையே எத்தனையோ. எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பினப் பெண் ஒருத்தி யாருக்கும் தெரியாமல் ஜான்பாயிடம் எழுத்துப் படிக்கும் கதையை, அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்களோடு பாருங்கள். அப்பத்தாவாக நடித்த எலன் கார்பி 1976இல் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு அரைகுறையாகத் திரும்பிய நிலையில் 1978இல் தொடருக்கு மீண்டு வந்தார். அந்தக் கதையிலும் எஸ்தர் அப்பத்தா நோயிலிருந்து வீடு திரும்புகிறாள். தாத்தாவாக நடித்த வில் கீர் அதே ஆண்டு ஏப்ரலில் இறந்தார், தொடரும் அந்தச் சாவை ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டையும் வீட்டில் யாரும் படுக்கையில் இல்லாத காலத்தில் மட்டும் பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரிமோட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாய் திறந்த கணத்தில் படத்தை நிறுத்துங்கள். "இருங்க அப்பத்தா, இந்தக் காட்சி முடியட்டும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த நினைவு அப்படியே உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் அது நடந்தது சாப்பாட்டு மேசைக் காட்சியில். நீளமான பெஞ்சு போட்ட மேசையைச் சுற்றிப் பதினோரு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பத்தா விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும், "அந்தப் புள்ளைகளோட ஆத்தா எப்பச் சாப்புடுவா?" என்று கேட்டாள்.

"அவளும் அங்கதான் உக்காந்திருக்கா அப்பத்தா, அந்தா, ஓரத்துல. கூடவேதான் சாப்புடுறா."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "குடுத்து வச்சவ" என்றாள். படத்தை நிறுத்தினேன். அவள் இடது கையை ஒரு பானையைப் பிடிப்பதுபோல் வளைத்து, வலது கையால் அதற்குள் அகப்பையைச் சுற்றுவதுபோல் சுற்றிக் காட்டினாள். கேப்பைக் களியை ஆம்பிளைகளுக்கு உருண்டையாகவும், பிள்ளைகளுக்கு அதில் பாதியாகவும் வைத்த பிறகு, பானையின் அடியில் ஒட்டியிருப்பதுதான் அவளுக்கு. அதுவும் இல்லாத நாளில் பானையில் தண்ணீர் ஊற்றி அலசி, ஒரு கல் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். "பானைய கழுவுற சத்தந்தான் கேக்கும். சாப்புட்டாச்சுன்னு நெனச்சுக்குவாக. ஒங்க தாத்தாவுக்குக் கூடத் தெரியாது" என்றாள். எனக்கு முப்பத்தாறு வயது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

கேள்வி கேட்கும் முறையை நான் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். பசியைப் பற்றிக் கேட்காதீர்கள், பாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். "அன்னைக்கு உலையில என்ன கெடந்துச்சு?", "குலுக்கையில எது வரைக்கும் தானியம் இருந்துச்சு?", "அடகுக்குப் போன மொத சாமான் எது, திரும்பி வந்துச்சா?", "ஊரவிட்டு மொதல்ல கெளம்புனது யாரு, எந்த ஊருக்கு?" என்று கேட்டால் பதில் தானாக நீளும். நகை போன கதையைச் சம்பந்தி வீட்டார் இருக்கும்போது கேட்கக் கூடாது. பங்காளிகளோடு இருந்த கடனை எப்போதுமே நீங்களாகக் கேட்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தாத்தாக்களின் வழி வேறு. எங்கள் பெரிய தாத்தா அறுவை மில்லைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மரம் யாருது?" என்பதுதான். மலையே அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்று சொன்னேன். "அப்பறம் என்ன கஷ்டம் அவனுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வால்டன் குடும்பம் ஏழைதான், ஆனால் சொந்த வீடும் சொந்த நிலமும் ஒரு மில்லும் உள்ள ஏழைக் குடும்பம். கறுப்பின மக்களைச் சட்டம் போட்டு ஒதுக்கிவைத்திருந்த அந்தக் கால வர்ஜீனியாவின் கொடுமையைத் தொடர் சில கதைகளில் மட்டுமே தொட்டுச் செல்கிறது. நம் ஊரிலும் பஞ்சம் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வரவில்லை. கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு குழி வைத்திருந்தவர் விதைநெல்லைத் தின்ற வருடத்தில், கூலியை மட்டும் நம்பியிருந்தவர் எதைத் தின்றார் என்று தெரிந்துகொள்ளாமல் எழுதப்படும் ஊர்க்கதை அரைக்கதைதான். ஆகவே உங்கள் வீட்டோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வயலில் வேலை செய்த குடும்பத்துப் பெரியவரிடமும் போங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைக்காமல், அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போய், அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை. பெரியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், தமிழ் வருடப் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை: குரோதி என்றால் 1964–65 ஆகவும் இருக்கலாம், 2024–25 ஆகவும் இருக்கலாம். தாது வருடப் பஞ்சம் என்று அவர்கள் சொன்னால் அது 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம். அவர்கள் கண்டதல்ல, அவர்களின் பாட்டி சொல்லக் கேட்டது. எது கண்டது, எது கேட்டது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு ஊரறிந்த நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வைகை அணை திறந்தது 1959. தனுஷ்கோடியைப் புயல் அடித்தது 1964 டிசம்பர். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எழுந்தது 1967 தேர்தலில். "அணை தெறந்ததுக்கு முன்னயா பின்னயா?", "ஒனக்கு மூத்த புள்ள பொறந்துருச்சா அப்ப?" என்று கேட்டால் இரண்டு வருட வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம். 1960களின் நடுவில் கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையையும், பள்ளிக்கூடத்தில் கரைத்து ஊற்றிய பால்பவுடரையும் பலர் நினைவுகூர்வார்கள். திரையில் அமெரிக்கக் குடும்பம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் அத்தை அந்தப் பால்பவுடரின் வாசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

பதிவுசெய்வதைப் பற்றி ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. அப்பத்தா சொன்ன களிப்பானைக் கதை உட்பட நான்கு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை என் செல்போனில் மட்டும் வைத்திருந்தேன். திரை உடைந்து மதுரையில் ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தபோது, கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். அதே கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள், ஆனால் கை பானையைப் பிடிக்கவில்லை. ஆகவே அன்றன்று ராத்திரியே பதிவை இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். செல்போனை மறைத்து வைக்காமல், "பதிஞ்சுக்கிறேன் அப்பத்தா" என்று சொல்லிவிட்டு அவர்கள் கண்ணில் படும்படி பாயில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காற்றிரைச்சல்தான் மிஞ்சும். கையசைவு பதிவில் விழாது என்பதால் நோட்டில் அதையும் எழுத வேண்டும்: எந்தச் சொல்லில் நிறுத்தினார், எப்போது முந்தானையை எடுத்தார், எதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார் என்று. அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘பொழைக்கப் போனோம்’ என்பதை ‘புலம்பெயர்ந்தோம்’ என்று மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரே காட்சி வரும். வெளியே இருந்து வீடு மட்டும் தெரிய, சன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, இருட்டுக்குள்ளிருந்து ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி இரவு வணக்கம் சொல்வார்கள். இந்த இடத்தில் மட்டும் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், ஒலியைக் கூட்டிவிடுங்கள், பதிவையும் நிறுத்தாதீர்கள். மூன்றாவது ஞாயிறு அந்தக் காட்சி முடிந்து திரை கறுத்த பிறகு, அப்பத்தா யாரிடமும் இல்லாமல் தன் வீட்டில் பாய் விரித்த வரிசையைச் சொல்லிக்கொண்டு போனாள்: வாசப்படி ஓரம் மாமனார், திண்ணையில் கொழுந்தன், அடுப்படி வாசலில் மாமியார், நடுவீட்டில் பிள்ளைகள் வரிசையாக. பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் அப்பாவுக்கும் பெரியத்தைக்கும் நடுவில், நாங்கள் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் வந்தது. அதை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டேன். அன்றைக்கு அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு என்ன போடுவது என்று மட்டும் கேட்டேன். "அந்தக் கன்னுக்குட்டியவே போடு" என்றாள்.